சபாஜியின் பசி

இந்த ஊரில் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் சட்டி மூடியைத் திறந்து பார்க்கிறார்கள். வாசலில் நின்று குரல் கொடுப்பது, உள்ளே வரலாமா என்று கேட்பது, அதெல்லாம் நெய்வேலி டவுன்ஷிப்பில் கிடையாது. பகலில் கதவு திறந்துதான் கிடக்கும். "இன்னிக்கு என்ன கொழம்பு?" என்று கேட்டுக்கொண்டே நேராக அடுக்களைக்குள் வந்து, மூடியைத் தூக்கி, கரண்டியால் ஒரு கலக்குக் கலக்கி, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து, கருத்தும் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்கள். பர்மாவில், பசீனில் நாம் அப்படி இருந்ததில்லை. மூங்கில் படிக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு லேசாக இருமுவோம். உள்ளிருந்து குரல் வந்தால் ஏறுவோம், வராவிட்டால் போய்விடுவோம். எனக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்த புதிதில் ஒருத்தி வந்து என் ஙப்பிச் சட்டியின் மூடியைத் தூக்கினாள். மீனை உப்பிட்டுப் புளிக்கவைத்து அரைத்த விழுது அது என்று உங்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவள் மூடியைப் போட்ட வேகத்தில் சட்டியின் விளிம்பு உடைந்தது. அதற்குப் பிறகும் யாரும் வருவதை நிறுத்தவில்லை. மூடியைத் தூக்குவதற்கு முன்னால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்ளப் பழகிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

கப்பலேறாமல் பசீனிலேயே தங்கிவிட்டவர்களுக்கும், கப்பலேறி வந்து பர்மா காலனி என்று எழுதிய பலகைகளுக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நமக்குத் தாயகம் திரும்பியவர்கள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். திரும்புவதற்கு நான் எப்போது இங்கே இருந்தேன்? நான் பிறந்தது ஐராவதி டெல்டாவில். அப்பா அங்கே ஓர் அரிசி மில்லில் கணக்கு எழுதும் கிராணி. அங்கே என்னைக் 'கலா' என்றார்கள், வெளியாள் என்று பொருள். இங்கே 'பர்மாக்காரி' என்கிறார்கள். இரண்டு பெயருக்கும் நான் திரும்பிப் பார்ப்பேன், இரண்டுக்கும் தலை குனிய மாட்டேன். என் கணவர் சண்முகம் மைன்ஸில் ஃபிட்டர். நெடுநாள் காண்ட்ராக்டில் கிடந்துவிட்டு அப்போதுதான் பர்மனென்ட் ஆகியிருந்தார், அதனால்தான் அந்தக் குவார்ட்டர்ஸே. நான் சொல்வது எழுபதுகளின் தொடக்கம். மலைப்பாம்பை வீட்டில் வைத்தால் குற்றம் என்கிற சட்டம் எங்கள் பக்கம் இன்னும் எட்டிப் பார்க்காத காலம் அது.

முதல் ஷிப்ட் முடிந்து சங்கு ஊதிய ஒரு மதியம் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கேரியரில் வாய் கட்டிய சாக்கு. பின்னால் அதை ஒரு கையால் பிடித்தபடி ஏழுமலை. ஏழுமலை கம்மாபுரம் பக்கத்துக்காரர், இவருடைய கேங்கில் வேலை செய்பவர். அவருடைய முந்திரித் தோப்பைச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டு, அதே சுரங்கத்தில் அவருக்கு வேலை கொடுத்திருந்தார்கள். அந்தத் தோப்பின் கடைசி வேர்களைப் பிடுங்கியபோது அடியில் இருந்த வளையிலிருந்து ஒரு மலைப்பாம்பு வெளியே வந்திருக்கிறது.

"அடிச்சிப் போட்டுடலாம்னு கடப்பாரைய தூக்கிக்கினு நின்னானுங்க. நான்தாங்க வாணாம்டான்னு சாக்குல அள்ளிப் போட்டேன்" என்றார் ஏழுமலை. "தோப்பே பூட்ச்சி. இத்த எங்கன்னு வுடறது சொல்லுங்க?"

"நாளைக்கு லீவு. காட்டுப் பக்கமா விட்டுட்டு வந்துடறேன்" என்றார் என் கணவர்.

"எந்தக் காடு?" என்றேன். அந்தப் பக்கத்தில் இன்றைக்குக் காடாக இருப்பதை நாளைக்குத் தோண்டுவார்கள் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அவருடைய வேலையே அந்தத் தோண்டும் மெஷினுக்கு போல்ட்டு முடுக்குவதுதான். "இங்கேயே இருக்கட்டும்" என்றேன்.

"இது குவார்ட்டர்ஸுடி. நம்ம சொந்த வீடு இல்ல."

"எலி இருக்கலாம், பாம்பு இருக்கக் கூடாதா?"

சாக்கின் வாயை நானே அவிழ்த்தேன். ஓர் ஆள் உயரத்துக்கு நீளம், என் மேல்கை பருமன். பழுப்பு நிறத்தில் திட்டுத் திட்டாக, எண்ணெய் தடவினாற்போல மினுமினுப்பு. தலையைத் தன் உடம்புச் சுருளுக்கு அடியில் நுழைத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் கிடந்தது. 'சபாஜி' என்றேன். மலைப்பாம்புக்கு அங்கே அதுதானே பெயர்? இந்த மண்ணில் கால் வைத்த பிறகு நான் வாய்விட்டுச் சொன்ன முதல் பர்மியச் சொல் அதுதான் என்று அப்புறம்தான் எனக்கே உறைத்தது. கப்பலிலிருந்து இறங்கியபோது உயிர் பிழைத்தால் போதும் என்று மற்றதையெல்லாம் விழுங்கிவிட்டிருந்தேன். ஒரு பாம்பு வந்து அதை வெளியே இழுக்க வேண்டியிருந்தது.

மில்லில் சபாஜி இல்லாத கிடங்கு கிடையாது. நெல் மூட்டை அடுக்குகளுக்குள் எலி புகுந்தால் அறுவடையே போய்விடும். விஷம் வைத்தால் நெல் கெடும். பூனைகள் நாலு நாள் பிடித்துவிட்டுக் கிராணி வீட்டு மீனுக்கு வந்துவிடும். ஆகவே பாம்பு. புதிதாக ஒன்றைப் பிடித்து வந்தால் எண்ணெய் பீப்பாயைப் படுக்கவைத்து, உள்ளே உமி பரப்பி, அதில் விட்டுவிடுவார்கள். பிறகு கிடங்குக் கதவில், இடுப்பில் கட்டும் பழைய லொஞ்ஜி ஒன்றைத் தொங்கவிடுவார்கள். உள்ளே புதிதாக வந்தவர் இருக்கிறார், யாரும் போகாதே, எட்டிப் பார்க்காதே என்று அர்த்தம். மூட்டை எடுக்க வேண்டுமென்றாலும் வேறு கிடங்கில்தான். முதலாளியே வந்தாலும் அந்த லொஞ்ஜியைத் தாண்ட மாட்டார். பார்க்கப்படுகிற வரைக்கும் பாம்பு சாப்பிடாது. தன்னை யாரும் கவனிக்கவில்லை என்று அது நம்பின பிறகுதான் அதற்குப் பசியே எடுக்கும். நான் சிறுமியாக இருந்தபோது அந்தத் தொங்கும் துணியைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போவேன். அது இறங்கிவிட்டால் உள்ளே இருப்பவர் குடியேறிவிட்டார் என்று மில்லே சந்தோஷப்படும்.

அதே மில்லை பர்மா அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது எங்களுக்காக யாரும் லொஞ்ஜி தொங்கவிடவில்லை என்பது வேறு கதை. ஆனால் முறை எனக்குத் தெரியும். சுரங்கத்துக்கு வெளிநாட்டு மெஷின் பாகங்கள் வரும் தேவதாரு மரப்பெட்டிகளை டவுன்ஷிப்பில் எல்லோரும் வாங்கிக் கட்டிலும் அலமாரியும் அடித்துக்கொள்வார்கள். நான் ஒரு பெட்டியைப் பாம்புக்கு எடுத்துக்கொண்டேன். பக்கவாட்டில் காற்றுக்கு ஓட்டைகள், உள்ளே உமி, ஒரு மூலையில் அது முழுதாக நுழைந்துகொள்ளக் கவிழ்த்த உடைந்த பானை, இன்னொரு மூலையில் தண்ணீர்த் தொட்டி. மார்கழி நெருங்கிக்கொண்டிருந்தது. குளிரில் மலைப்பாம்புக்கு வயிறு வேலை செய்யாது. எங்கள் அடுப்பில் எரிவது இந்த ஊர் நிலக்கரியில் செய்த லெக்கோ. ஒருமுறை பற்றிவிட்டால் அணைய மனசில்லாமல் கனன்றுகொண்டே இருக்கும். அடுக்களைக்கு அடுத்த சாமான் அறையில், அடுப்புச் சூடு ஏறும் சுவரை ஒட்டிப் பெட்டியை வைத்தேன். கையை வைத்துப் பார்த்தால் காய்ச்சல்காரன் நெற்றி அளவுக்குச் சூடு இருந்தது, அது போதும். அறை வாசலில் கணவரின் பழைய கைலி ஒன்றைத் தொங்கவிட்டேன்.

செய்தி பரவ எத்தனை நேரம் ஆகும்? ராத்திரி ஷிப்டுக்குப் போகிறவர்கள் கிளம்புமுன் எங்கள் பிளாக் முழுக்கத் தெரிந்துவிட்டது. திருநெல்வேலி, மதுரை, கோயம்புத்தூர் என்று எல்லா ஜில்லாவும் என் வீட்டுக்குள் வந்தது. வந்தவர்கள் வழக்கப்படி மூடியைத் தூக்கினார்கள். சட்டி மூடி இல்லை, பெட்டி மூடி. எதிர்வீட்டு விருதுநகர்க்காரி தனலட்சுமி பால் கொண்டுவந்து உள்ளே ஊற்றி, மஞ்சளும் குங்குமமும் தூவினாள். உமி முழுக்க நனைந்து புளித்து நாறியது. எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டிவிட்டுப் புது உமி போட்டேன். "சபாஜின்னு கூப்பிடறீங்களே, வடக்கத்தி சாமியா?" என்று ஒருத்தி கேட்டாள். நான் வாசலில் கட்டிய கைலியைப் பார்த்து யாரும் நிற்கவில்லை. ஒரு நாள் நான் தண்ணீர் பிடித்துவிட்டு வந்தபோது அந்தக் கைலி அழகாக மடித்துக் கட்டில்மேல் இருந்தது. "தூறல் போடுற மாதிரி இருந்துச்சு, காயப்போட்டதை எடுத்து மடிச்சு வச்சிட்டேன்" என்று தனலட்சுமி பெருமையாகச் சொன்னாள். வீட்டுக்குள்ளே தூறல் போடுமா என்று கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்தது. எனக்கு அவளைவிட அதிகமாக வந்தது.

சபாஜி சாப்பிடவில்லை. முதலில் நான் கவலைப்படவில்லை. அதன் கண்கள் பால்படிந்து வெளுத்தன, தோல் மங்கியது. சட்டை உரிக்கப் போகிறது என்று தெரிந்தது. அந்த நேரத்தில் அதற்குப் பார்வை தெரியாது, இரையைத் தொடாது. கண்ணு பட்டுவிட்டது, குருடாகிவிட்டது என்று பிளாக்கில் பேசிக்கொண்டார்கள். நான் ஈரச் சாக்கு ஒன்றை உள்ளே வைத்தேன். அது சாக்கில் உரசி உரசி, உதட்டிலிருந்து வால்வரை கிழியாமல் ஒரே சட்டையாக உரித்துப் போட்டது. நல்ல சகுனம். நான் அன்றைக்கு அங்கேயே உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். கண் தெளிந்துவிட்டது, அறை சூடாக இருக்கிறது, இனி பசிக்கும். வீட்டு எலிப்பொறியில் விழுந்த எலியை விடியற்காலையில் பெட்டிக்குள் விட்டு மூடியைப் போட்டுவிட்டுப் பால் பூத்துக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் எலி இல்லை. எனக்கு வந்த மகிழ்ச்சியில் பூத்தில் வாங்கிய பால் முழுவதிலும் பாயசம் வைத்தேன்.

ஆனால் சாப்பிட்ட பாம்பு அப்படி இருக்காது. நடுவயிறு புடைத்திருக்க வேண்டும். சூட்டுப் பக்கமாக நகர்ந்து படுத்திருக்க வேண்டும். பிறகு எச்சம் போட வேண்டும். இது ஒன்றும் இல்லை. மறுபடி ஓர் எலி விட்டேன், அதுவும் மாயமாயிற்று. மறுபடியும் அப்படித்தான். எலிகள் போகின்றன, பாம்பு மட்டும் இளைக்கிறது. முதுகெலும்பு மேலே எழும்பி, தோல் இருபுறமும் சரிந்து தொங்க ஆரம்பித்தது. பெட்டியில் எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா என்று விரலை விட்டு விரலை விட்டுப் பார்த்தேன். தாங்க முடியாமல் என் கணவரிடம்கூட எரிந்து விழுந்தேன்.

அதற்குள் மூலை வீட்டு என்ஜினீயர் வந்துவிட்டார். பிளாக்குக்குப் பெரிய மனிதர், எல்லாப் பஞ்சாயத்தும் அவரிடம்தான். வாசலில் பத்துப் பேர் அவருக்குப் பின்னால் நின்றார்கள். "பட்டினி கிடக்கிற மிருகம் எதையும் செய்யும்மா. குழந்தைகள் விளையாடற இடம். தைப்பூசம் வரைக்கும் பார்க்கறோம். அதுக்குள்ள ஒழுங்கா சாப்பிட்டு ஒரு இடத்துல கிடந்தா சரி. இல்லேன்னா நாங்களே ஆள் வச்சு அடிச்சுடுவோம். எஸ்டேட் ஆபீஸுக்கும் சொல்ல வேண்டியிருக்கும்" என்றார். என் கணவரின் முகம் வெளுத்துவிட்டது. பர்மனென்ட் ஆன புதிதில், குவார்ட்டர்ஸைக் கொடுக்கவும் பறிக்கவும் அதிகாரமுள்ள எஸ்டேட் ஆபீஸ் என்கிற சொல்லே அவருக்குக் காய்ச்சல் வரவைக்கும். நான் முன்னால் வந்து சொன்னேன்: "அது சாப்பிடும். எப்போ சாப்பிடணும்னு அதுக்குத் தெரியும். நீங்க எல்லாரும் ஒரு வாரம் உங்க உங்க வீட்டுச் சட்டியை மட்டும் திறந்து பாருங்க, அது போதும்." கூட்டத்தில் யாரோ, "பர்மாலேர்ந்து துரத்துனதுல தப்பே இல்ல" என்றார்கள். யார் என்று தெரியும். அவள் வீட்டுப் பிள்ளைப்பேற்றுக்கு நான்தான் வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். டவுன்ஷிப்பில் பகலில் கதவைச் சாத்திய முதல் வீடு அநேகமாக எங்களுடையதுதான்.

கொல்லைக் கதவை மட்டும் சாத்தவில்லை. அந்தப் பக்கம் பொன்னம்மாக்கா. எங்கள் கொல்லைச் சுவருக்கு அடுத்த வீடு, காங்கேயம் பக்கத்துக்காரர். கணவர் பவர் ஹவுஸில் வேலை. இந்த ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கி வந்ததே வடலூர் சபை பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக. மாதாமாதம் பூசத்துக்கு வடலூர் போய்ச் சோதி பார்த்துவிட்டு, அங்கே சாதம் பரிமாறிவிட்டு வருவார். மாமிசம் தொடமாட்டார். நடக்கும்போது எறும்புக்கு வழிவிடுவார். என் ஙப்பி நாற்றத்தை மூக்கைப் பொத்தாமல் தாங்கிக்கொண்ட ஒரே ஆள் அவர்தான். சபாஜியை அடிக்கக் கூடாது என்று பிளாக்கில் எனக்காகப் பேசிய ஒரே ஆளும் அவர்தான். "வாயில்லாச் சீவனுங்க, இருந்துட்டுப் போகட்டும்" என்று என்ஜினீயரிடமே சொன்னவர்.

ஒரு காலை பால் வண்டி வரவில்லை. வெறும் பாத்திரத்தோடு சீக்கிரமே திரும்பி வந்தேன். சாமான் அறையில் சத்தம். பொன்னம்மாக்கா பெட்டி மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு, இடுக்கியால் எலியின் வாலைப் பிடித்து ஒரு தகரடப்பாவுக்குள் விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு வாழையிலை. அதில் வெண்பொங்கல், நெய் மினுக்க, முந்திரி போட்டு.

"அக்கா!"

அவர் திடுக்கிடவே இல்லை. டப்பாவை மூடிவிட்டுத்தான் என்னைப் பார்த்தார். "கண்ணுக்கு முன்னால ஒரு சீவன் சாகறதைப் பாத்துக்கிட்டு எப்படி அம்மிணி நான் சோறு திங்கறது? பொறியில எலி கீச்சுங்கறது எங்கூட்டு வரைக்கும் கேக்குதுங்க. தூக்கமே வரமாட்டேங்குது."

"எல்லா எலியையும் நீங்கதான் எடுத்தீங்களா?"

"பின்னே? எங்கூட்டுக் கொல்லையில விட்டுருக்கறனுங்க. கடலைச்செடி ஓரமா நல்லா இருக்குதுங்க."

"பாம்பு பட்டினி கிடக்குது அக்கா. முதுகெலும்பு தெரியுது பாருங்க. அது சீவன் இல்லையா?"

"அதுக்குத்தானுங்க பொங்கல் வெக்கறேன்" என்றார். "பூசத்துக்கு வர்றவிய எல்லாரும் ஊட்டுல கறி திங்கறவியதானுங்க. அங்க வந்தா சாதத்தைத் திங்கறாங்களா இல்லையா? பழகினா இதுவும் திங்கும். நாலு நாள் வெச்சுப் பாக்கலாமுங்க."

சிரிக்கலாமா, அடிக்கலாமா என்று தெரியவில்லை. வாழையிலையைச் சுருட்டிக் குப்பையில் போட்டேன். "அதுக்கு என்ன பசின்னு அதுக்குத் தெரியும். நீங்க சொல்லிக் கொடுக்க வேணாம்" என்றேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. டப்பாவைக் கொடுக்காமலே கொல்லை வழியாகப் போய்விட்டார். நான் அந்தக் கதவையும் சாத்தித் தாழ் போட்டேன்.

என் கோபம் எலிக்காக மட்டும் இல்லை. முகாம் ஞாபகம் வந்துவிட்டது. கப்பலிலிருந்து இறக்கி நம்மைத் தங்கவைத்த முகாம்களில் என்ன போட்டார்கள் என்று நினைவிருக்கிறதா? கோதுமை ரவைக் கஞ்சியும் பால்பவுடரும். நாம் யார்? நெல்லுக்குள்ளேயே பிறந்து, நெல் உமியில் விளையாடி, மூன்று வேளையும் அரிசி தின்று வளர்ந்த கூட்டம். கஞ்சியை வாயில் வைத்ததும் என் அப்பா குமட்டினார். ஊற்றிய அம்மாள் மிகவும் நல்லவள். கண்ணில் தண்ணீரோடு ஊற்றினாள். "பழகிடும் பெரியவரே" என்று அன்பாகச் சொன்னாள். அப்பா பழகவில்லை. அந்த முகாமிலேயே போய்ச் சேர்ந்தார். நோய் என்று சொன்னார்கள், இருக்கலாம். அன்றைக்கு அந்த அம்மாளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவு நல்லவளாக இருந்தாள். விரட்டுகிறவனை எதிர்த்து நிற்கலாம். நமக்கு என்ன பசி என்று நம்மைக் கேட்காமலே முடிவுசெய்து ஊட்டுகிறவர்களை எப்படி எதிர்ப்பது? எதிர்க்கத்தான் வேண்டும். நான் எதிர்க்கிறேன். அந்த நல்ல மனசுக்காரியையும் பொன்னம்மாக்காவையும் சேர்த்தே எதிர்க்கிறேன்.

கதவுகளைச் சாத்தியாயிற்று, ஆனால் பொறியில் எலி விழவில்லை. இருந்த எலிகளெல்லாம் பொன்னம்மாக்காவின் கடலைச்செடி ஓரம் குடியேறிவிட்டன போலும். பூசம் நெருங்கியது. டவுன்ஷிப் வழியே வடலூருக்குப் போகும் பஸ்களில் கூட்டம் தொங்க ஆரம்பித்தது. பூசத்துக்கு முந்தின நாள் காலையில் பெட்டிக்குத் தண்ணீர் மாற்றப் போனேன். மூடி ஒருபக்கம் நகர்ந்திருந்தது. பெட்டி காலி. கொல்லைக் கதவுக்குக் கீழே, மழையில் மரம் உளுத்துப்போன இடத்தில், உமி சிந்தியிருந்தது.

யாரிடம் சொல்வது? சொன்னால் பத்து நிமிடத்தில் கடப்பாரைகள் வந்துவிடும். கணவர் ஷிப்டில் இருந்தார். நான் கொல்லை முழுக்கக் குனிந்து குனிந்து தேடினேன். விறகுக்கட்டை, துவைக்கிற கல், முருங்கை மரம். குளிரில், வெறும் வயிற்றோடு, எவ்வளவு தூரம் போக முடியும்? செத்துக் கிடப்பதைத்தான் பார்க்கப்போகிறேன் என்று நினைத்தேன். என்ஜினீயர் என்ன சொல்லுவார், கைலியை மடித்தவள் என்ன சொல்லுவாள் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தோன்றவில்லை. கூட்டிவந்து கொன்றுவிட்டேனே என்பதுதான் தோன்றியது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் பொன்னம்மாக்காவின் அலறல் கேட்டது.

எங்கள் துவைக்கிற தண்ணீர் அவர்கள் பக்கத்துச் சாக்கடைக்குப் போகச் சுவரின் அடியில் ஒரு துளை உண்டு. ஓடிப்போய்ப் பார்த்தேன். என் பக்கத்தில் துளையிலிருந்து சபாஜியின் தலையும் ஒரு முழ உடம்பும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. உயிர் இருந்தது. நாக்கு ஆடியது. முன்னால் வர முயன்றது, வர முடியவில்லை. துவைக்கிற கல்மேல் ஏறிச் சுவருக்கு அப்பால் எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் அதன் வயிறு. ஒரு பலாக்கொட்டை மூட்டையைப் போல உருண்டு திரண்டு, துளைக்குள் நுழையாமல் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. கடலைச்செடிகள் நசுங்கிக் கிடந்தன. பொன்னம்மாக்கா காப்பாற்றிக் கொண்டுபோய் விட்ட எலிகளின் வாசனை பிடித்துப் போயிருக்கிறது. வயிற்றின் அளவைப் பார்த்தால், எலி போதாதென்று அங்கே ஒரு பெருச்சாளியையே முழுதாக விழுங்கிவிட்டு, என் வீட்டுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்திருக்கிறது.

சாப்பிட்டுவிட்டது! நான் கல்மேல் நின்று கத்தினேன். "சாப்ட்டுடுச்சு! சாப்ட்டுடுச்சு!"

கத்தியிருக்கக் கூடாது. இரண்டு கொல்லையும் நிரம்பிவிட்டது. கடப்பாரைகள், கம்புகள், மூலை வீட்டு என்ஜினீயர். சுவர் டவுன்ஷிப்புடையது, இடிக்கக் கூடாது என்றார். பின்னால் இழுத்தால் வராது, முன்னால் இழுத்தால் வராது, அடித்து எடுப்பதுதான் வழி என்றார். சிக்கிக்கொண்ட பாம்பைப் பயமுறுத்தினால் தின்றதைக் கக்கிவிடும். இத்தனை இளைத்த உடம்பில், கக்கிவிட்டால் அப்புறம் பிழைக்காது. நான் தலைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "முதல்ல என்னை அடிங்க" என்றேன். என் பக்கம் யாரும் நகரவில்லை. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் நான் எப்படி உட்கார முடியும்? வயிறு அங்கே அல்லவா இருந்தது? அங்கே கம்போடு இரண்டு பேர் நிற்பது தலைகளாகத் தெரிந்தது. அக்கா, அக்கா என்று கூப்பிட்டேன். நான் கதவைத் தாழ் போட்ட நாளிலிருந்து பேசாதவரைக் கூப்பிட்டேன்.

பிறகு பொன்னம்மாக்காவின் குரல், அழுது கரகரத்துப்போன குரல், அந்த இரண்டு பேரிடம் சொல்வது கேட்டது. "கம்பைக் கீழ போடுங்க. உள்ள போனது போயிட்டுதுங்க. நாந்தான் கொண்டாந்து விட்டேன், நாந்தான் அழோணும். இப்ப அதை வெளிய வர வெச்சா ரெண்டு சீவனுமில்ல. ஒண்ணாவது இருக்கட்டும். போங்க, அல்லாரும் போங்க."

பாயை இழுத்துவரும் சத்தம் கேட்டது. துவைக்கிற கல்லில் ஏறிப் பார்த்தவர்கள் அப்புறம் சொன்னார்கள், வெயில் படாமல் அந்த வயிற்றின் மேல் தன் கோரைப்பாயைப் போட்டு மூடி, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாராம். மறுநாள் பூசம். சோதி பார்க்க வடலூர் போக வேண்டிய ஆள்.

என்ஜினீயருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. யாரையாவது பொறுப்பாக்கிவிட்டுப் போக வேண்டும் அவருக்கு. "சரி, சாயங்காலம் எஸ்டேட்ல கேட்பாங்க. இது எந்த வீட்டுப் பாம்புன்னு நான் சொல்லணும்?" என்று துவைக்கிற கல்லில் ஏறி நின்று சுவரின் இரண்டு பக்கமும் பார்த்துக் கேட்டார். எங்கள் வீட்டுடையது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

"சாப்பிட்டது எங்கூட்டுலீங்க. போறது அவிய ஊட்டுக்குங்க. எழுதிக்கோங்க."

அவர் போய்விட்டார். கூட்டமும் ஒவ்வொருவராகக் கலைந்தது. ரெண்டாவது ஷிப்டுக்குச் சங்கு ஊதியது. என் பக்கத்தில் சபாஜியின் தலை, மண்ணில் தாடையை வைத்துக்கொண்டு, நாக்கை நீட்டிப் பார்த்து உள்ளே இழுத்துக்கொண்டது. அந்தப் பக்கம் அதன் வயிற்றில் ஓர் உயிர் மெல்ல மெல்ல இன்னோர் உயிராக மாறிக்கொண்டிருந்தது. எனக்கு வயிறு தெரியவில்லை, அக்காவுக்குத் தலை தெரியவில்லை. நடுவில் இருந்த சுவரை இடிக்க எங்களுக்கு உரிமை இல்லை. செரிக்கும்வரை அது எந்தப் பக்கமும் போகப்போவதில்லை. அதுவரை அதை எந்தப் பக்கமும் துரத்த நாங்கள் யாரையும் விடப்போவதுமில்லை என்று, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமலே, சுவருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம்.